நாற்காலியை விட்டு எழுந்தால் மானிட்டர் அணைகிறது. சிரிக்காமல் பதில் சொல்லவும்

மேசையும்நாற்காலியும்:

மக்களே, வீட்டிலிருந்துதான் வேலை. போன மாதம் ஒரு நாற்காலி வாங்கினேன், கீழே கைப்பிடியை இழுத்தால் ஏறி இறங்குமே, அந்த மாதிரி. அது வந்ததிலிருந்து நான் எழுந்தால் மானிட்டர் கருப்பாகிவிடுகிறது. இரண்டு மூன்று வினாடிதான், அப்புறம் தானாகவே வந்துவிடும். ஒவ்வொரு முறையும் இல்லை, பத்துக்கு நாலு முறை இருக்கும்.

கால் பட்டு கேபிள் ஆடுகிறதோ என்று முதலில் சந்தேகம். கேபிளை மேசைக் காலோடு சேர்த்து சணல் கயிற்றால் கட்டிப் பார்த்தேன். பலனில்லை. மானிட்டர் கடைக்காரரிடம் சொன்னால் "சார், நாற்காலிக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார். வீட்டம்மா சொல்வது, "நீங்க எழுந்து போனாதான் அதுக்கும் கொஞ்சம் நிம்மதி."

எனக்கு மட்டும்தானா இது? இப்படி சம்பந்தமே இல்லாத இரண்டு பொருள் ஒன்றையொன்று கெடுத்த கதை யாருக்காவது தெரிந்தால் அதையும் போடுங்கள், குறைந்தபட்சம் எனக்குப் பைத்தியம் இல்லை என்று வீட்டில் காட்டவாவது உதவும்.

சோக்குக்கட்டை:

பைத்தியமெல்லாம் இல்லை தம்பி. இது பழைய கதைதான். யுஎஸ்பி வழியாக மானிட்டர் இணைக்கும் சில்லு செய்கிற டிஸ்ப்ளேலிங்க் என்ற நிறுவனம், தன் உதவிப் பக்கத்திலேயே இதை எழுதி வைத்திருக்கிறது. உன்னுடையது போல ஏறி இறங்கும் கேஸ் லிஃப்ட் நாற்காலியில் உட்கார்ந்தாலோ எழுந்தாலோ ஒரு மின்காந்தத் துடிப்பு கிளம்பலாம், அதை வீடியோ கேபிள் பிடித்துக்கொண்டால் திரை கணினியோடு ஒத்திசைவை இழந்து கருப்பாகிவிடும் என்று.

நடப்பது என்னவென்றால், நீ உட்கார்ந்திருக்கும்போது பேண்ட்டும் இருக்கைத் துணியும் உரசி உரசி நிலைமின்சாரம் சேர்கிறது. எழும்போது அது நாற்காலியின் உலோகப் பாகங்களுக்கு இடையில் பட்டென்று பாய்கிறது. கண்ணுக்குத் தெரியாத பொறி. அந்தப் பொறி ஒரு குட்டி ரேடியோ நிலையம் மாதிரி, ஒரு கணம் எல்லா அலைவரிசையிலும் கத்திவிட்டு அடங்கிவிடும். மலிவான கேபிள் என்றால் குறுக்கீட்டைத் தடுக்கும் உலோக உறை சரியாக இருக்காது, ஆன்டெனா போலவே வேலை செய்யும். ஏசி போட்டு அறை காய்ந்திருந்தால் இன்னும் மோசம். ஏசி அறைதானே?

நான் டிவி ரிப்பேர் செய்தவன். தூர்தர்ஷன் காலத்தில் பக்கத்து வீட்டில் சட்னி அரைத்தால் நம் வீட்டில் ஒளியும் ஒலியும் நிகழ்ச்சி புள்ளி புள்ளியாகும், மிக்சி மோட்டாரில் பிரஷ் போடுகிற பொறி அது. தெருவில் பழைய ஸ்கூட்டர் போனால் திரையில் ஒரு கோடு குறுக்கே ஓடும். வண்டிச் சத்தம் காதில் விழுவதற்கு முன்னாலேயே, கோட்டை வைத்து யார் வருகிறார் என்று சொல்வார்கள் வீட்டில்.

செய்ய வேண்டியது: நீளம் குறைவான, நல்ல உறை போட்ட கேபிள் வாங்கு. சில கேபிள் முனையில் கட்டைவிரல் தடிமனில் ஒரு குண்டு இருக்குமே, அதற்குள் இருப்பது ஃபெரைட், இந்த மாதிரி இரைச்சலை அடக்கும் காந்தப் பொருள். அது தனியாகவும் கிடைக்கும், பிளந்து மாட்டி மூடிவிடலாம். அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை: எப்போதெல்லாம் அணைகிறது என்று நேரத்தைக் குறித்து வை.

காலைஏழுமணி:

நேரத்தைக் குறிப்பது என்றதும் ஞாபகம் வந்தது வேல்ஸில் அபெர்ஹோசன் என்கிற கிராமம். 2020இல் செய்தியில் வந்தது. தினமும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுக்க பிராட்பேண்ட் படுத்துவிடும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினெட்டு மாதம். கேபிளை எல்லாம் மாற்றிப் பார்த்தார்கள், அப்படியும் தீரவில்லை. கடைசியில் பொறியாளர்கள் அலைக்கற்றை அளக்கும் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு விடியற்காலை ஆறு மணிக்கு, மழையில், தெருத் தெருவாக நடந்திருக்கிறார்கள். ஏழு மணி அடித்ததும் கருவி துள்ளியது. ஒரு வீட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய டிவி. அந்த வீட்டுக்காரர் காலையில் எழுந்ததும் அதைப் போடுவார், அவ்வளவுதான். ஊருக்குள் ஓடுவது செம்புக் கம்பி என்பதால் டிவி கக்கிய இரைச்சல் எல்லார் வீட்டு இணைப்பிலும் ஏறிவிட்டது.

விஷயம் தெரிந்ததும் அவர் கூனிக் குறுகிப் போய், இனி அந்த டிவியைப் போடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். பாவம். ஒன்றரை வருடம் அவரும் இணையம் சரியில்லை என்று புலம்பியிருப்பார், அதுவும் டிவி பார்த்துக்கொண்டே.

விண்மீன்வேலையில்லாதவன்:

இதற்கெல்லாம் பெரியண்ணன் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் 64 மீட்டர் விட்டமுள்ள ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. அதில் பதிவான பழைய தரவுகளைக் கிண்டியவர்கள் 2007இல் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள்: 2001இல் வானத்திலிருந்து ஒரு ரேடியோ வெடிப்பு வந்திருக்கிறது, சில மில்லிவினாடிதான், நம் பால்வீதிக்கு வெளியே மிகத் தொலைவிலிருந்து வந்தது போல இருக்கிறது என்று. சிக்கல் என்னவென்றால், அதே பார்க்ஸ் தரவில் 1998 முதல் இன்னொரு வகைச் சமிக்ஞையும் இருந்தது. பார்க்க கிட்டத்தட்ட அதே மாதிரி, ஆனால் வானத்தின் வெவ்வேறு இடத்தைப் பார்க்கும் தொலைநோக்கியின் எல்லாக் கற்றைகளிலும் ஒரே நேரத்தில் தெரிந்தது, அப்படியென்றால் வானத்தின் ஒரு புள்ளியிலிருந்து வரவில்லை, பக்கத்தில் எங்கேயோ இருந்து வருகிறது. அதற்கு "பெரிடான்" என்று பேர் வைத்தார்கள். பாதி மான் பாதி பறவை, நிழல் மட்டும் மனிதனுடையது, அப்படி ஒரு கற்பனை விலங்கின் பேர். ரசனைக்காரர்கள். ஆனால் இதனால் அந்த 2001 வெடிப்பே பொய்யோ என்று சந்தேகம் வந்துவிட்டது, அதுதான் பெரிய தலைவலி.

அப்புறம் யாரோ பெரிடான் வந்த நேரங்களை வரிசையாகப் போட்டுப் பார்க்கிறார்கள். எல்லாம் பகலில், ஆபீஸ் நேரத்தில்! பிரபஞ்சம் சனி ஞாயிறு லீவு எடுக்குமா என்ன?

2015 ஜனவரியில் அங்கே குறுக்கீட்டைக் கண்காணிக்கும் புதுக் கருவி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரம் மூன்று பெரிடான் சிக்கின. தொலைநோக்கி கேட்டுக்கொண்டிருந்தது 1.4 கிகாஹெர்ட்ஸ். கண்காணிப்புக் கருவியோ அதே நொடியில் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் இரைச்சல் என்று காட்டியது. 2.4 என்றதும் வீட்டில் வைஃபை வைத்திருப்பவர்களுக்குப் புரிந்திருக்கும். அதே அலைவரிசையில் ஓடும் மைக்ரோவேவ் அடுப்பு! அப்போது முனைவர் பட்ட மாணவியாக இருந்த எமிலி பெட்ராஃபும் குழுவினரும் அடுப்பைப் போட்டுச் சோதித்தார்கள். பெரிடான் வரவில்லை. அடுப்பு முழுதாக ஓடி "டிங்" என்று நின்றால் ஒன்றும் இல்லை. பொறுமை இல்லாமல் நடுவில் கதவைத் திறந்தால்தான், உள்ளே மைக்ரோவேவை உண்டாக்கும் மேக்னட்ரான் அணைகிற அந்தக் கணத்தில் ஒரு துடிப்பு தப்பித்து வெளியே வருகிறது. தொலைநோக்கியும் அப்போது தோதான திசையில் திரும்பியிருக்க வேண்டும்.

பதினேழு வருட மர்மம், யாரோ மதியச் சாப்பாட்டைச் சுட வைத்துவிட்டு "டிங்" வரும் வரை பொறுக்க முடியாததால். இதில் எனக்குப் பிடித்த பகுதி, பெரிடானைப் பிடித்த பிறகு 2001 வெடிப்புக்கு மரியாதை கூடிவிட்டது. அது அடுப்பு இல்லை, நிஜமாகவே வானத்துச் சரக்கு. இன்றைக்கு அதே வகை வெடிப்புகளை ஆயிரக்கணக்கில் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஹார்ட்டிஸ்க்பாட்டு:

பாட்டு ரசிகர்களுக்கு என் பங்கு. மைக்ரோசாஃப்டில் நெடுங்காலம் இருக்கும் ரேமண்ட் சென் 2022 ஆகஸ்டில் எழுதியது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஒரு கணினி நிறுவனம் கண்டுபிடித்ததாம், அமெரிக்கப் பாடகி ஜேனட் ஜாக்சனின் ரிதம் நேஷன் பாட்டு வீடியோவைப் போட்டால் சில லேப்டாப்கள் நின்றுவிடுகின்றன. வீடியோவில் ஏதாவது கோளாறு என்று நினைப்போம். ஆனால் பக்கத்து மேசையில் சும்மா இருந்த, அந்தப் பாட்டை ஓட்டாத லேப்டாப்பும் நின்றது!

காரணம், நிமிடத்துக்கு 5400 சுற்று ஓடும் ஒரு வகை லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கின் இயல்பு அதிர்வெண் (அந்த ஒலி பட்டால் பொருள் பலமாக அதிரும்) அந்தப் பாட்டில் இருந்தது. டிஸ்க்கில் தகவலைப் படிக்கும் தலை, தட்டுக்கு மேலே தலைமுடியைவிட மிக மிகச் சின்ன இடைவெளியில் மிதக்கிறது, அதைப் போய்ப் பாட்டு உலுக்கினால் என்ன ஆகும். நிறுவனம் செய்த தீர்வு இன்னும் அழகு: ஒலி வெளியே போகும் வழியில் ஒரு வடிகட்டி வைத்து அந்த அதிர்வெண்ணை மட்டும் வெட்டிவிட்டார்கள். இதற்குப் பாதுகாப்புக் குறைபாடுகளின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் எண்ணே கொடுத்திருக்கிறார்கள், சிவிஇ-2022-38392.

நம்ப மாட்டேன் என்பவர்களுக்கு இன்னொன்று. 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பிரெண்டன் கிரெக், டேட்டா சென்டரில் ஹார்ட் டிஸ்க் அடுக்குக்கு முன்னால் வாயை வைத்துக் காட்டுக்கத்தல் கத்துகிற வீடியோ இருக்கிறது. கத்திய நொடியில் டிஸ்க் பதில் தரும் நேரம் திரையில் குபீரென்று ஏறும். கம்ப்யூட்டரைத் திட்டினால் வேகமாகிவிடும் என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்.

நம்பமாட்டேன்77:

கதை எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த மாதிரி இழைகளில் பாதி சரக்கு வாட்ஸப் ரகம். உதாரணம் பூச்சிக் கதை. முதல் கம்ப்யூட்டர் "பக்", அதாவது கோளாறு, ஓர் அந்துப்பூச்சி, அதனால்தான் அந்தப் பேரே வந்தது என்று எல்லாரும் சொல்வார்கள். பூச்சி உண்மைதான், 1947 செப்டம்பர் 9, ஹார்வர்ட் மார்க் டூ கணினியின் ரிலேயில் சிக்கியதை எடுத்துப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் எடிசன் 1878லேயே கடிதத்தில் கோளாறுக்கு "பக்" என்று எழுதியிருக்கிறார். பதிவேட்டில் "நிஜமான பக் கிடைத்தது" என்று எழுதியதே அந்தப் பேர் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததால் வந்த நக்கல்.

நாற்காலி விஷயத்திலும் அதேதான். பத்துக்கு நாலு என்பது தற்செயலாகவும் இருக்கலாம். எண்ணிக்கை காட்டுங்கள்.

அஞ்சல்காரன்:

நம்பமாட்டேன் சகோ, உங்களுக்காகவே ஒன்று. 90களின் நடுவில் அமெரிக்காவில் வட கரோலைனாவில் ஒரு பல்கலைக்கழகம், அங்கே சிஸ்டம் நிர்வாகியாக இருந்த ட்ரே ஹாரிஸ் பிறகு எழுதியது. புள்ளியியல் துறைத் தலைவர் போன் செய்து, எங்களால் 500 மைலுக்கு மேல் மின்னஞ்சல் அனுப்ப முடியவில்லை என்கிறார். இவர் காபியைத் துப்பாத குறை. மின்னஞ்சல் அப்படியெல்லாம் வேலை செய்யாது சார் என்றால், அவர்கள் புள்ளியியல்காரர்கள், சும்மா விடுவார்களா, வரைபடமே தயார். இவரும் சோதித்தார். 420 மைல் நியூயார்க் போகிறது. 580 மைல் பிராவிடன்ஸ் போகவில்லை. பக்கத்திலேயே இருக்கும் நண்பருக்கு அனுப்பினால் அதுவும் போகவில்லை, ஏனென்றால் அவருடைய அஞ்சல் பெட்டி சியாட்டிலில்!

யாரோ சர்வரைப் புதுப்பித்தபோது, மின்னஞ்சல் அனுப்பும் மென்பொருளான செண்ட்மெயில் பழைய பதிப்புக்கு இறங்கிவிட்டது. புது அமைப்புக் கோப்பு அதற்குப் புரியவில்லை, எதிர்முனை சர்வரின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் பூஜ்யம் ஆகிவிட்டது. அந்தக் கணினியில் பூஜ்யம் என்றால் சுமார் 3 மில்லிவினாடி. அதற்குள் ஒளி போகும் தூரம் சுமார் 900 கிலோமீட்டர், 560 மைலுக்குக் கொஞ்சம் குறைவு.

நம்பமாட்டேன்77:

போக வர இரண்டு தூரம் ஆயிற்றே? பாதிதானே வர வேண்டும். கேபிளில் ஒளியும் அவ்வளவு வேகம் போகாது.

அஞ்சல்காரன்:

ஹாஹா, பிடித்துவிட்டீர்கள். சலிப்பூட்டும் விவரங்களை விட்டுவிட்டுச் சுவைக்காகக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன் என்று அவரே முதலில் சொல்லிவிட்டுத்தான் கதையை ஆரம்பிக்கிறார். கணக்கை விடுங்கள், அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு போன் செய்த துறைத் தலைவரை நினைத்துப் பாருங்கள்.

மேசையும்நாற்காலியும்:

எல்லாருக்கும் நன்றி. சோக்குக்கட்டை அண்ணே, ஏசி அறைதான். சொன்னபடி நாலு நாள் குறித்தேன், நம்பமாட்டேன் சாருக்காக எண்ணிக்கையும் போடுகிறேன். 61 முறை எழுந்திருக்கிறேன், 23 முறை கருப்பு. ஏசி போடாத ஒரு முழு நாளில் 14 முறை எழுந்ததில் ஒன்றே ஒன்றுதான். வீட்டில் இருக்கும் மர நாற்காலியைப் போட்டு இருபது முறை உட்கார்ந்து எழுந்தேன், ஒரு முறைகூட இல்லை (தோப்புக்கரணம் போடுவதாக நினைத்துப் பையன் வந்து எண்ணினான்).

ஆனால் நோட்டில் ஒரு வரி இடிக்கிறது. வியாழன் மதியம் 1:15, நான் எழவே இல்லை, கருப்பு. வெள்ளி 1:20, அதேபோல. இன்றைக்குக் காத்திருந்து பார்த்தேன். சரியாக அந்த நேரம் அப்பா சாப்பிட்டுவிட்டு ஹாலில் ஃபேனை நிறுத்திவிட்டுப் படுக்கப் போகிறார்.

சோக்குக்கட்டை:

அந்த ஸ்விட்சைப் போடும்போது உள்ளே டப் டப் என்று சத்தம் வருகிறதா, பட்டன் லூசாக இருக்கிறதா? ஃபேனை அணைக்கும்போது அந்தக் காண்டாக்டில் பொறி பறக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதை மாற்று தம்பி, மானிட்டரைவிட அதுதான் அவசரம். கேபிளை அப்புறம் பார்க்கலாம்.

மேசையும்நாற்காலியும்:

லூசாகத்தான் இருக்கிறது. ஸ்விட்ச் தட்டில் ஒரு மூலை லேசாகக் கருத்தும் இருக்கிறது, அழுக்கு என்று இத்தனை நாள் துடைத்துக்கொண்டிருந்தோம். எலக்ட்ரீஷியன் நாளைக் காலை வருகிறார். கேபிளும் ஆர்டர் போட்டாயிற்று. அப்பாவுக்குத்தான் வருத்தம், ஃபேனை மறக்காமல் அணைப்பது வீட்டிலேயே அவர் ஒருவர்தான்.