படத்தைக் கண்டதும் தமிழ்ச் சொல் வாயில் வருவதில்லையே?

கேள்வி: ஆசிரியை, ரோஸ் ஹில், மொரீஷியஸ்
வணக்கம். வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து கிளைத்த நம் தீவின் பேச்சுமொழி) மட்டுமே பேசும் 8 வயதுப் பிள்ளைகளுக்குக் கோயிலில் சனிக்கிழமைதோறும் தமிழ் கற்பிக்கிறேன். 60 பட அட்டைகள் செய்து, ஒவ்வொரு படத்தின் கீழும் தமிழ்ச் சொல்லையும் கிரியோல் பொருளையும் எழுதினேன். வகுப்பில் எல்லாரும் தயங்காமல் வாசிக்கிறார்கள். ஆனால் மறுவாரம் எழுத்தை மறைத்து நாயின் படத்தைக் காட்டினால், 'லிசியென்' என்று கிரியோலில்தான் குரல் எழுகிறது. எங்கே தவறினேன்?

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், போர்ட் லூயிஸ்
அம்மா, குறை படத்தில் இல்லை. படமும் சொல்லும் மனத்தில் இரு வேறு வழிகளில் பதிவதால், ஒன்று மங்கினாலும் மற்றொன்று நினைவை மீட்டுத் தரும் என்று கனடிய உளவியலாளர் ஆலன் பைவியோ 1971-இல் விளக்கினார். ஆனால் கிரியோல் பொருளும் அருகிலேயே இருந்தால், பிள்ளையின் கண் பழகிய சொல்லில் நின்றுவிடும். படத்துக்கும் தமிழுக்கும் நேர்த் தொடர்பு உண்டாகாது. ஆகவே அதை நீக்கிவிட்டு, தமிழ்ச் சொல்லை அட்டையின் பின்புறம் எழுதுங்கள். பிள்ளை முதலில் தானே சொல்ல முயன்று, பிறகு திருப்பிச் சரிபார்க்கட்டும். முயன்று நினைவிலிருந்து எடுத்த சொல், பலமுறை வாசித்த சொல்லைவிட நெடுநாள் தங்கும். அதே அட்டையை மறுவாரமும், ஒரு மாதம் கழித்தும் மீண்டும் காட்டுவது அவசியம்.

பதில்: ஒரு தாய், கத்ர் போர்ன்
ஐயா சொல்வதை ஏற்கிறேன். எனினும் கிரியோலை முற்றிலும் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் நம் கிரியோலுக்குள்ளேயே தமிழ் குடியிருக்கிறது. முருங்கைக்கீரையை 'ப்ரெட் முரும்' என்றும், கறிவேப்பிலையை 'கரிபுலே' என்றும் நாள்தோறும் சொல்கிறோம் அல்லவா? இணையத்தில் கிடைத்த படங்களை விட்டுவிட்டு, எங்கள் தோட்டத்துக் கறிவேப்பிலையையும், ஏழு கறி விருந்துக்கு விரித்த வாழையிலையையும் நானே படமெடுத்துக் காட்டினேன். 'கரிபுலே'யும் கறிவேப்பிலையும் ஒரே சொல் என்று உணர்ந்த என் மகள், அதை ஒருநாளும் மறந்ததில்லை.

பதில்: பயிற்சி ஆசிரியர், மோக்கா
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 'ஓடு', 'கொடு' போன்ற வினைகளுக்கு ஒற்றைப் படம் போதாது. கொடுப்பவர் கையையும் வாங்குபவர் கையையும் அடுத்தடுத்து வரைந்தால்தான் பொருள் விளங்கும். குரங்கின் வாலையும் அரசனின் வாளையும் அருகருகே வைத்து, நான் சொல்வதைத் தொடச் சொன்னபோது, லகர ளகர வேறுபாட்டையும் பிள்ளைகள் காதால் பிரித்தறியத் தொடங்கினார்கள்.

கேள்வி கேட்டவர்
மூவருக்கும் நன்றி. கிரியோல் வரியை இன்றே வெட்டிவிடுகிறேன். வரும் சனிக்கிழமை பிள்ளைகளுடன் கோயில் தோட்டத்துக்குப் போய்ப் படமெடுக்கப் போகிறோம்.