மழை பிடித்தால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது: வயரைத் தேட டோன் கருவி போடலாமா?

ஹட்டன் பக்கத்துக்காரன்:
எங்களுடையது பழைய லயத்துக் காம்பரா, தோட்டத்து வரிசை வீடு. பின்னால் குசினியும் இஸ்தோப்புப் பக்கம் ஒரு அறையும் அப்பா காலத்தில் இழுத்துக் கட்டியவை. வயரிங்கும் அப்படித்தான்: ஓரிடத்தில் சிவப்பு கறுப்பு, இன்னோரிடத்தில் மண்ணிறம் நீலம். இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானாக அணைவது) விழும், வெயில் வந்தால் நிற்கும். எந்த வயர் எங்கே போகிறதென்று பார்க்க, டெலிபோன் வயர் தேடும் டோன் கருவியை நண்பரிடம் வாங்கி வந்திருக்கிறேன். பெட்டி சிக்னல் அனுப்பும், பேனா கிட்டே போனால் கத்தும். ப்ளக் பொயின்டிலேயே மாட்டலாமா?

பழைய வயர்மேன்:
ஐயோ தம்பி, மாட்டிறாதீங்க! அது பேட்டரியில் ஓடுகிற சாமான், 230 வோல்ட் ஏறினால் கருகிவிடும். பிடித்திருக்கிற கைக்கும் ஆபத்து. மெயின் சுவிட்சை அணைத்த பிறகுதான் அதற்கு வேலை. மீட்டரிலிருந்து மெயின் சுவிட்சுக்கு வருகிற வயரில் அப்போதும் கரண்ட் இருக்கும், அந்தப் பக்கம் கையே வைக்காதீங்க. போர்டைத் திறந்து பழக்கமில்லை என்றால் ஆளைக் கூப்பிடுங்க.

கரண்ட் இல்லை என்பதை வோல்ட் அளக்கிற கை மீட்டர் வைத்துப் பார்க்கணும். முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் மீட்டர் காட்டுதா, பிறகு வேலை செய்கிற வயரில், கடைசியாக மறுபடியும் கரண்ட் உள்ள இடத்தில். டெஸ்டர் பேனாவை நம்பாதீங்க. காய்ந்த பலகை மேல் ஏறி நின்றால் அது எரியாமலும் இருக்கும்.

ஹட்டன் பக்கத்துக்காரன்:
தெரிந்த வயர்மேன் தம்பி ஒருவரோடு அணைத்துப் பார்த்தோம் அண்ணே. ஒரே வயரின் லைனிலும் (கரண்ட் வருகிற கம்பி) நியூட்ரலிலும் (திரும்புகிற கம்பி) பெட்டியின் இரண்டு கிளிப்பையும் போட்டோம். ஒன்று, பேனா சுவர் முழுக்கக் கத்துகிறது, இல்லாவிட்டால் ஊமையாக இருக்கிறது.

பழைய வயர்மேன்:
பக்கத்துப் பக்கத்து வயரில் சிக்னல் போய்த் திரும்பினால் ஒன்றை ஒன்று அடித்துவிடும், அதுதான் ஊமை. ஒரு கிளிப்பை லைனில், மற்றதைத் தனியாக இழுத்த எர்த் வயரில் போடுங்க. போர்டில் அந்த சர்க்கியூட்டின் லைன், நியூட்ரல் இரண்டையும் கழற்றணும். எல்லா நியூட்ரலும் சேருகிற பட்டையில் அது மாட்டியிருந்தால் வீடு முழுக்கப் பாடும். இரும்புப் பைப்புக்குள் போகிற வயரில் சத்தமே வராது, பெட்டி திறக்கிற இடத்தில்தான் வரும்.

பண்டாரவளை:
ஒன்று சேர்க்கிறேன். டோன் வழியைக் காட்டும், கசிவைக் காட்டாது. அதற்கு 500 வோல்ட் இன்சுலேஷன் டெஸ்டர், அதாவது வயரின் உறை கரண்டைத் தடுக்கிறதா என்று அளக்கிற கருவி வேண்டும். பல்ப், டிவி எல்லாம் கழற்றிவிட்டு லைனுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பாருங்க. 1 மெகா ஓமுக்குக் கீழே போனால் அந்த வயர் சரியில்லை. மழை ஈரம் காயும் முன்னே அளங்க, காய்ந்த பிறகு அது நல்ல பிள்ளையாக இருக்கும்!

ஹட்டன் பக்கத்துக்காரன்:
நேற்று அளந்தோம். குசினி வயரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 0.2 மெகா ஓம். டோன் வைத்துப் போனால் தகரத்துக்கு அடியில் ஒரு இணைப்பு; சுற்றியிருந்த டேப் பிசுபிசுவென்று கழன்று வந்தது, உள்ளே தண்ணீர்.

ஆனால் பயந்தது வேறொன்றுக்கு. கூரையில் இன்னொரு வயர் இருந்தது, எங்கள் மெயின் அணைந்திருக்க கை மீட்டரில் 231 வோல்ட். அடுத்த காம்பரா ஆட்கள் எப்போதோ கக்கூஸ் பல்புக்கு எங்கள் கூரை வழியே இழுத்தது. நானாக இருந்தால் எங்கள் மெயின் அணைந்திருக்கிறதே என்று வெட்டியிருப்பேன்.

பழைய வயர்மேன்:
அதை அவங்க மெயினையும் அணைத்து, அவங்களையும் வைத்துக்கொண்டு கழற்றுங்க. அதுவரைக்கும் கூரைக்கு ஏறாதீங்க தம்பி.