உப்புக்காற்றில் போல்ட், நட்: எந்தப் பூச்சு நின்றது? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

எங்கள் வீடு குளச்சலில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அப்பா ஓட்டிய பிரீமியர் பத்மினியை முழுவதும் கழற்றிச் சரிசெய்தபோது, பெயிண்டைப் பற்றி மாதக்கணக்கில் யோசித்தேன். போல்ட்டுகளைப் பற்றி ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. பழையவற்றைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளியாக மின்னும் சாதாரண ஜிங்க் பிளேட்டிங் (மின்சாரத்தால் ஏற்றும் துத்தநாகப் பூச்சு) செய்து மாட்டிவிட்டேன். சித்திரையில் வண்டி வெளியே வந்தது. ஆடிக் காற்று ஓய்வதற்குள் வாஷர் விளிம்புகளில் சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளைப் பொடி. ஐப்பசி மழை முடிந்தபோது அதன் நடுவே செம்பழுப்புக் கறை.

அந்த வெள்ளைப் பொடி, துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பதன் அடையாளம். அது தீர்ந்த இடத்தில் துரு தொடங்கும். சில மைக்ரான் பூச்சு எத்தனை நாள் தாங்கும்? நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. போல்ட்டின் மேல் படிந்த உப்பு காய்வதற்கே நேரமில்லை.

அடுத்து, எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று பம்பர் முழுக்க எஸ்.எஸ். போல்ட் வாங்கினேன். நட்டை ஸ்பானரால் வேகமாக முறுக்கினேன். பாதி வழியில் நின்றுவிட்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. தொட்டால் சுட்டது. மரையோடு மரை ஒட்டிக்கொண்டிருந்தது. கிரைண்டரால் அறுத்துத்தான் எடுத்தேன். விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கும் ஓர் அண்ணன்தான் வழி சொன்னார்: மரையில் ஆன்டி-சீஸ் பசை தடவு, கையால் மெதுவாக ஏற்று, கடைசிச் சுற்றுக்கு மட்டும் ஸ்பானரை எடு. பசை தடவினால் உராய்வு குறையும். அதனால் முறுக்கு விசையையும் குறைக்க வேண்டும். கடற்கரையில் 304 ரக எவர்சில்வரும் காலப்போக்கில் பழுப்புக் கறை பிடிக்கும், 316தான் நிற்கும் என்பதும் அவர் சொல்லித் தெரிந்தது.

ஆனால் எஸ்.எஸ். போல்ட்டை ஸ்டியரிங்கிலும் சஸ்பென்ஷனிலும் மாட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கடையில் கிடைக்கும் ஏ2-70 ரக எஸ்.எஸ். போல்ட்டின் இழுவலிமை 700 மெகாபாஸ்கல். தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டுக்கு 800, 10.9 என்றால் 1,000-க்கு மேல். அலுமினியப் பாகங்களோடு சேர்த்தாலும் தொல்லைதான்: உப்புத் தண்ணீர் பட்டால் போல்ட் அப்படியே இருக்கும், அலுமினியம் அரித்துப்போகும்.

இப்போது வெளியே தெரியும் இடங்களில் 316. கதவுக் கீல், எஞ்சின் அறை பிராக்கெட்டுகளுக்கு மஞ்சள் பாசிவேஷன் (துத்தநாகத்தின் மேல் மஞ்சள் நிறக் காப்புப் படலம்) செய்த ஜிங்க். அடிப்பக்கத்தில் ஜிங்க்-நிக்கல் கலவைப் பூச்சு, அதன் மேல் மெழுகு. இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டன. அடியில் படுத்துப் பார்த்தேன், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் யு-போல்ட் முனையில் மட்டும் லேசான வெள்ளைப் பொடி.

மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர்:

அண்ணாச்சி, ஒன்று விட்டுப்போயிற்று. நான் 12.9 ஆலன் போல்ட்டுகளைத் துரு போக அமிலத்தில் ஊறவைத்து, பிளேட்டிங் செய்து, முழு முறுக்கில் மாட்டினேன். இரவில் பட்டறையைப் பூட்டும்போது எல்லாம் சரியாக இருந்தது. காலையில் ஒரு தலை தரையில் கிடந்தது. முறிந்த பரப்பில் சர்க்கரைத் துகள்போல மினுமினுப்பு. அமிலத்திலும் பிளேட்டிங்கிலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி ஆக்கிவிடுகிறது. பிளேட்டிங் முடிந்த சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி அளவில் பல மணி நேரம் சுட்டெடுக்க வேண்டும். "சுட்டுத் தருவீர்களா?" என்று பிளேட்டிங் கடையில் முதலில் கேளுங்கள்; கேள்வியே புரியவில்லை என்றால் போல்ட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இவ்வளவு வலிமையான போல்ட்டுக்கு ஜிங்க் பிளேக் (துத்தநாகச் செதில் கலந்த பூச்சு) பூசியதைப் புதிதாக வாங்குவதே நல்லது. அதற்கு அமிலமும் மின்சாரமும் தேவையில்லை.

தக்கலையிலிருந்து ஒருவர்:

நான் யு-போல்ட்டுகளை உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தேன். 50 மைக்ரானுக்கு மேல் ஏறியதால் பழைய நட் மரையிலேயே ஏறவில்லை. லேத் பட்டறையில் நட்டின் மரையைப் பெரிதாக்கி மாட்ட வேண்டியிருந்தது. பார்க்கச் சொரசொரப்பாக இருக்கும், கண்காட்சி வண்டிக்கு ஆகாது. எனக்கு அது தினமும் ஓடுகிற ஜீப், தேங்காய்ப்பட்டணம் கடற்கரைச் சாலையில். துரு இன்னும் வரவில்லை.