புதுப்பிப்பு: விடியற்காலையில் இறங்கும் நாதஸ்வர சுருதி

இலங்கை மலைநாட்டு ஊரான ஹட்டனில் மார்கழி பூசைக்கு விடியற்காலையில் வாசிக்கும்போது ஆதார சுரத்தை விடாமல் ஒலிக்கும் சுருதிப் பெட்டியோடு சேரவில்லை, நாதமும் கீச்சிடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் சீவாளியை, அதாவது ஊதும் முனையில் செருகும் நாணலை, மாற்றச் சொன்னீர்கள். குழலோடு நூலில் கட்டியிருந்த நான்கு சீவாளிகளையும் மாற்றிப் பார்த்தேன், பலன் கொஞ்சம்தான்.

பெரிய காரணம் குளிர். காற்று ஒரு பாகை செல்சியஸ் குளிர்ந்தால் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் குறையும், சுருதியும் இறங்கும். அதை ஏற்றுவதற்காக நான் சீவாளியை உதட்டால் இறுக்கிப் பிடித்திருக்கிறேன். கீச்சு வந்தது அங்கிருந்துதான்.

இப்போது முதலில் பத்து நிமிடம் மெதுவாக ஊதிக் குழலைச் சூடாக்குகிறேன். அப்புறம் ஆதார சுரமான சட்ஜத்தை (ச) மட்டும் ஒரே மூச்சில், நடுங்காமல் நீட்டுகிறேன். பின்னால் நின்று தோளில் கை வைத்துப் பார்த்த அப்பா, "தோள் ஏறுதுடா, மூச்சு நெஞ்சோட நிக்குது" என்றார். தோளை இறக்கி அடிவயிற்றிலிருந்து மூச்சு எடுத்ததும் உதடு தானாகவே தளர்ந்தது.

நேற்றுப் பனிமூட்டத்தில் பஞ்சமம் (ப) சுருதிப் பெட்டியோடு ஒட்டி நின்றபோது கண் கலங்கிவிட்டது. மேல் ஸ்தாயி (உச்சச் சுரங்கள்) இன்னும் சரியாகவில்லை. சீவாளி பற்றிச் சொன்னவர்களுக்கும் நன்றி. அந்த நான்கில் நன்றாக இளகிய ஒன்றைத்தான் இப்போது வைத்திருக்கிறேன்.