ஓபன்ஜேடிகே + ஓபன்ஜேஎஃப்எக்ஸ் ஒரே பில்டில்: வெப்வியூ மட்டும் திறக்கவில்லை, அவசரம்

எழுத்தாணி:
வணக்கம். ஜேடிகே (ஜாவா உருவாக்கத் தொகுப்பு), ஜேஎஃப்எக்ஸ் (ஜாவாவில் திரைகள் அமைக்கும் லைப்ரரி) இரண்டையும் சோர்ஸிலிருந்து பில்ட் செய்து ஒன்றாகச் சேர்த்தேன். எங்கும் பிழை வரவில்லை. பட்டன், டேபிள் எல்லாம் நன்றாக வருகின்றன. வெப்வியூ (வலைப்பக்கத்தைக் காட்டும் பகுதி) உள்ள திரையைத் திறந்தால் மட்டும் புரோகிராம் நின்றுவிடுகிறது. நாளை கொடுத்தாக வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

நிரல்வழி:
எந்தப் பதிப்பு? லினக்ஸா விண்டோஸா? எப்படிச் சேர்த்தீர்கள், ஜேடிகே பில்டுக்கு முன் ஓட்டும் கான்ஃபிகரிலா, மாட்யூல்களைக் கோக்கும் ஜேலிங்கிலா? பிழைச் செய்தியை அப்படியே ஒட்டுங்கள்.

சாளரன்:
ஜிடிகே-3 (லினக்ஸில் சாளரங்களைக் காட்டும் லைப்ரரி) டெவ் பேக்கேஜ் விட்டுப்போயிருக்கும். லினக்ஸில் ஜேஎஃப்எக்ஸ் தகராறு என்றாலே முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

மூலக்கோப்பு:
சாளரன், பட்டன் வருகிறது என்று அவர் எழுதியதைப் படித்தீர்களா? ஜிடிகே இல்லையென்றால் சாளரமே திறந்திருக்காது. கேட்டவருக்கும் ஒன்று: பில்ட் ஆவணம் என்று ஒன்று இருக்கிறது. அதைப் படிக்காதவர்கள் சோர்ஸில் கை வைக்காமல், ஜேஎஃப்எக்ஸ் சேர்ந்தே வரும் ஜேடிகேயை இறக்கிக்கொள்வது நல்லது. லிபெரிகாவிலும் ஜூலுவிலும் அப்படிக் கிடைக்கிறது.

தென்றல்_டெவ்:
ஜேஎஃப்எக்ஸைக் கட்டும் கருவியான கிரேடிலை எந்த ஜாவாவில் ஓட்டினீர்கள்? ஜேஎஃப்எக்ஸ் 21-க்கு ஜேடிகே 17 ஆவது வேண்டும். எனக்கு அங்கேதான் சந்தேகம்.

எழுத்தாணி:
உபுண்டு. இரண்டும் 21. கான்ஃபிகரில் வித்-இம்போர்ட்-மாட்யூல்ஸ் கொடுத்து, ஜேஎஃப்எக்ஸின் பில்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் மாடுலர்-எஸ்டிகேயைக் காட்டினேன். லிஸ்ட்-மாட்யூல்ஸ் போட்டால் ஜாவாஎஃப்எக்ஸ்.வெப் இருக்கிறது. பிழை: அன்சாட்டிஸ்ஃபைட்லிங்க்எரர், ஜேஎஃப்எக்ஸ்வெப்கிட் என்று வருகிறது.

நிரல்வழி:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஜிடிகே பக்கம் போயிருக்க வேண்டாம். நீங்கள் சேர்த்த முறை சரிதான். ஜாவாஎஃப்எக்ஸ்.வெப் மாட்யூலின் ஜாவா கிளாஸ்கள் வந்துவிட்டன, அதனால்தான் பட்டியலில் தெரிகிறது. அவை கூப்பிடும் சி++ லைப்ரரி உருவாகவே இல்லை. ஓபன்ஜேஎஃப்எக்ஸ் பில்டில் வெப்கிட்டும் (வெப்வியூவுக்குள் இருக்கும் உலாவி இயந்திரம்) மீடியாவும் இயல்பாக அணைந்திருக்கும், நாமாகக் கேட்டால்தான் கம்பைல் ஆகும்.

கிரேடில்.ப்ராப்பர்ட்டீஸ்.டெம்ப்ளேட் கோப்பை கிரேடில்.ப்ராப்பர்ட்டீஸ் என்ற பெயரில் நகலெடுத்து, கம்பைல்_வெப்கிட் வரியின் முன்னால் இருக்கும் # குறியை எடுத்து, மதிப்பை ட்ரூ என்று வையுங்கள். வீடியோ, ஆடியோ வேண்டுமென்றால் கம்பைல்_மீடியாவும் அப்படியே. சிமேக், ரூபி, ஜிபெர்ஃப், பைசன், ஃப்ளெக்ஸ் எல்லாம் முன்பே இருக்கட்டும். வெப்கிட் நினைவகத்தை நிறையத் தின்னும். கணினி திணறினால் நம்_கம்பைல்_த்ரெட்ஸைக் குறையுங்கள். அப்புறம் ஜேடிகே பக்கம் மேக் கிளீன் செய்துவிட்டு மேக் இமேஜஸ். கிளீன் செய்யாவிட்டால் பழைய மாட்யூல்களே தங்கிவிட்டனவோ என்ற சந்தேகம் மிஞ்சும்.

தென்றல்_டெவ்:
ஜேடிகேயை மறுபடி பில்ட் செய்வதே வீண். கிரேடிலில் ஜேமாட்ஸ் டாஸ்கை ஓட்டி, வரும் மாட்யூல் கோப்புகளை ஜேலிங்கிடம் கொடுத்தால் போதும்.

நிரல்வழி:
ஜேடிகே சோர்ஸில் அவர் எதையும் மாற்றவில்லை என்றால் ஜேலிங்க்தான் சுருக்கமான வழி. ஆனால் வெப்கிட்டைக் கம்பைல் செய்யாமல் ஜேமாட் எடுத்தால் அங்கேயும் இதே பிழைதான் வரும்.

சாளரன்:
இதற்குத்தான் இரண்டையும் ஒரே பில்ட் முறைக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறேன். ஜேடிகே பக்கம் ஆட்டோகான்ஃபும் மேக்கும், ஜேஎஃப்எக்ஸ் பக்கம் கிரேடில். புதிதாக வருகிறவர் இரண்டையும் கற்க வேண்டியிருக்கிறது.

மூலக்கோப்பு:
2018-இல் ஜேடிகே 11 வந்தபோதே ஜேஎஃப்எக்ஸ் தனியாகப் பிரிந்துவிட்டது. கிரேடில் ஓடவே ஜாவா வேண்டும். அதை வைத்து ஜாவாவையே கட்டுவீர்களா? அடிப்படை தெரியாமல் பேச வேண்டாம்.

சாளரன்:
ஜேடிகேயைக் கட்ட இப்போதும் பூட் ஜேடிகே, அதாவது ஏற்கெனவே கட்டிய ஒரு ஜேடிகே, தேவைதானே? ஜாவா இல்லாமல் யாரும் ஜாவாவைக் கட்டுவதில்லை. அந்தக் காரணம் நிற்காது.

நிரல்வழி:
அதில் சாளரன் சொல்வது சரி. ஆனாலும் கருவியை ஒன்றாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஜாவா கம்பைலரான ஜாவாசியில் சின்னத் திருத்தம் செய்கிறவர் எதற்கு வெப்கிட்டைச் சுமக்க வேண்டும்? இரண்டும் சந்திக்கும் இடம் மாடுலர்-எஸ்டிகே என்ற ஒரே ஃபோல்டர். ஓட்டை அங்கேதான் இருக்கிறது. வெப்கிட் இல்லாமல் உருவான ஃபோல்டரையும் கான்ஃபிகர் பேசாமல் வாங்கிக்கொள்கிறது. அரைகுறை மாட்யூல் என்று கிரேடில் பக்கமே உரக்க எச்சரித்தால் இந்தக் கேள்வியே எழாது.

மூலக்கோப்பு:
எச்சரிக்கையை மட்டும் படித்துவிடுவார்களா?

சாளரன்:
பில்ட் நின்றுபோனால் படித்துத்தான் ஆக வேண்டும்.

எழுத்தாணி:
வெப்கிட் ட்ரூ வைத்ததும் வெப்வியூ திறக்கிறது. நன்றி நிரல்வழி.

புதுவரவு:
விண்டோஸிலும் இதே வரிகள்தானா? எனக்கும் அதே பிழைதான்.

நிரல்வழி:
ஜேஎஃப்எக்ஸ் எந்தப் பதிப்பு? பில்டுக்கு சிக்வின் (விண்டோஸில் யூனிக்ஸ் கட்டளைகளைத் தரும் கருவி) பயன்படுத்துகிறீர்களா? முழுப் பிழைச் செய்தியையும் போடுங்கள்.