மூணு பீஸ் ரிம்மில் காற்று நிற்கவில்லை: பிரிக்கணுமா, சீலன்ட் மட்டும் போட்டால் போதுமா?

ஈசூன்_மாறன்

அண்ணன்மாரே, ஒரு உதவி வேணும்.

என் காரில் இருப்பது ஜப்பான் மூணு பீஸ் ரிம் (வெளி லிப், நடு முகம், உள் பேரல் என மூணு பாகத்தை போல்ட் போட்டுச் சேர்த்த சக்கரம்), 17 இன்ச், கைமாறி வாங்கினது. லிப்பை பாலிஷ் போட்டு, நடு முகத்துக்குப் பவுடர் கோட் (பொடியைச் சூட்டில் உருக்கி ஏற்றுகிற பெயின்ட்) அடித்து, ஒரு வொர்க்‌ஷாப்பில் பிரித்து மாட்டிக் கொடுத்தார்கள். அதிலிருந்து இடது பின்சக்கரம் மட்டும் காற்றை விடுது. ராத்திரி 34 பிஎஸ்ஐ வைத்தால் மறுநாள் சாயங்காலம் 27, 28. மற்ற மூணும் அப்படியே நிற்குது.

டயர் கடையில் பார்த்துவிட்டு ஆணி ஏதும் இல்லை என்றார்கள். வால்வு கோர் (வால்வுக்குள் காற்றை அடைக்கும் ஊசி) மாற்றியாச்சு. சோப்புத் தண்ணி அடித்துப் பார்த்ததில், வால்வுக்கு எதிர்ப்பக்கம் இரண்டு போல்ட் தலையைச் சுற்றி நுரை பொங்கியது. மாட்டின இடத்துக்கே கொண்டுபோனேன். டயரை இறக்கி, அந்த இரண்டு போல்ட்டுக்கு நேர் உள்பக்கம் சிலிக்கான் பூசிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் நின்றது. இப்போது நுரை வேற போல்ட்டில். கேட்டால் "பழைய ரிம் அப்படித்தான் இருக்கும்" என்று பதில்.

சிங்கப்பூரில் சிஓஇ (கார் வைத்திருக்கத் தேவையான உரிமச் சான்றிதழ்) புதுப்பித்த பழைய கார், வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் வேற. முழுசாகப் பிரிக்கணுமா, உள்பக்கம் மட்டும் சீலன்ட் போட்டால் போதுமா? என்ன சிலிக்கான் வாங்குவது? எச்டிபி (அரசு அடுக்குமாடி) கார்பார்க்கில் இதெல்லாம் செய்ய முடியாது. ஆனால் மாமாவுக்கு ஊபியில் சின்ன யூனிட் இருக்கு, வார இறுதியில் கேட்டால் கொடுப்பார்.

தெம்பனிஸ்_தம்பி

ப்ரோ, ஒருவேளை சூடு குளிர் காரணமா இருக்குமோ? ராத்திரி மழை பெய்தால் என் காரிலும் பிரஷர் இறங்கிக் காட்டுது.

டார்க்_ரென்ச்

10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் ஒன்றரை, இரண்டு பிஎஸ்ஐ குறையும், அவ்வளவுதான். நம்ம ஊரில் ராத்திரிக்கும் பகலுக்கும் அந்த 10 டிகிரி வருவதே பெரிசு. அதுவும் நாலு சக்கரமும் ஒரே காற்றில்தானே நிற்குது, ஒண்ணு மட்டும் ஏன் இறங்கணும்? ஓடி வந்த சூட்டோடு அளக்காமல், ஆறின டயரில் அளந்தீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி இது லீக்தான்.

ஜூரோங்_வெஸ்ட்_ராஜா

ஒரு பாட்டில் டயர் சீலன்ட் உள்ளே விட்டுட்டுப் போய்ட்டே இருங்க லா. பத்து நிமிஷ வேலை.

காக்கிபுக்கிட்_பழையகை

ராஜா, அந்தத் திரவம் டயர் ரப்பர்ல ஆணி போட்ட ஓட்டைக்கு. அதுவும் வழியில நின்னுட்டா கடை வரைக்கும் போய்ச் சேர. ரிம் ஜாயின்ட்டுக்கு அது வேலைக்கு ஆகாது. உள்ளே குளம் மாதிரி நின்னு பேலன்ஸ் போகும். பின்னாடி சிலிக்கான் போடலாம்னா அந்தப் பிசுக்கைத் துடைச்சு எடுக்கறதே ஒரு நாள் வேலை. மாறன் தம்பி, அதை மட்டும் ஊத்திடாதே.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நீ நுரை பார்த்த இடம் காத்து *வெளியே வர்ற* இடம். *உள்ளே நுழையற* இடம் அதுவா இருக்கணும்னு இல்லை. மூணு பீஸ் ரிம்ல வெளி லிப், நடு முகம், உள் பேரல் மூணையும் வட்டமா போல்ட் போட்டு இறுக்கியிருக்கு. டயர் பக்கமிருந்து பார்த்தா அந்த மூணும் சேர்ற இடத்துல சுத்திலும் ஒரு பள்ளம் ஓடும். காத்தை நிறுத்தறது போல்ட் கிடையாது, அந்தப் பள்ளத்துல போட்ட சிலிக்கான்தான். சில கம்பெனி ஓ-ரிங் வைக்கும், உன்னோடது ஓ-ரிங்கா சிலிக்கானான்னு டயரை இறக்கினதும் தெரிஞ்சிடும். சிலிக்கான் ஒரு இடத்துல ஊசிமுனை அளவு பிரிஞ்சா போதும். காத்து அதுக்குள்ள புகுந்து, பாகங்களுக்கு நடுவுல வட்டமா ஓடி, எந்த போல்ட் ஓட்டை லேசா இருக்கோ அது வழியா வரும். எச்டிபி வீட்டுல சீலிங்ல ஈரம் தெரியற இடம் ஒண்ணு, மேல்வீட்டுக் குளியலறையில ஒழுகற இடம் ஒண்ணு இல்லையா, அதே கதை.

அதனாலதான் ரெண்டு போல்ட்டுக்கு நேரா பூசினது நிக்கலை. இன்னொண்ணு, காஞ்ச சிலிக்கான் மேல புது சிலிக்கான் ஒட்டாது. ஒட்டின மாதிரி இருக்கும், நகத்தால கிளப்பினா தோலா உரிஞ்சு வரும். ஒட்டுப் போடற வேலையே இதுல கிடையாது. பழசைச் சுத்தமா எடுத்துட்டு, வட்டம் முழுக்க ஒரே மூச்சுல புதுசு போடணும்.

முதல்ல ஜாயின்ட்தானான்னு உறுதி பண்ணிக்கோ. சோப்பு ஸ்ப்ரே பண்றதைவிட, சக்கரத்தைத் தண்ணித் தொட்டியில முழுக்கப் போடற டயர் கடைக்குப் போ. வால்வு அடிப்பக்கம், டயர் விளிம்பு உட்கார்ற இடம், உள் பேரல் எல்லாத்தையும் பொறுமையா பார்க்கச் சொல்லு. உள் பேரல்ல கோடு போட்ட மாதிரி பொடிக் குமிழ் வரிசையா வந்தா அது விரிசல். விரிசல்னா சிலிக்கான் பேச்சே இல்லை, பேரலை மாத்து.

ஈசூன்_மாறன்

ரொம்ப நன்றி அண்ணே, இப்பதான் புரியுது. தொட்டியில் போட்டுப் பார்த்தாச்சு. வால்வு சுத்தம், டயர் விளிம்பு சுத்தம், பேரலிலும் ஒண்ணும் இல்லை. குமிழ் எல்லாமே போல்ட் வரிசையில்தான். அப்போ போல்ட்டைக் கழற்றாமல் பள்ளத்தை மட்டும் சுத்தம் பண்ணிப் பூசலாமா?

டார்க்_ரென்ச்

இங்கே ஒரு கேள்வி. நடு முகத்துக்குப் பவுடர் கோட் அடித்தபோது, லிப்போடும் பேரலோடும் ஒட்டி உட்கார்கிற அந்தத் தட்டையான வளையத்தை டேப் ஒட்டி மறைத்தார்களா? மறைக்காமல் அங்கேயும் கோட் ஏறியிருந்தால் பிரச்சினை சிலிக்கானோடு முடியாது. போல்ட் இறுக்கம் நிற்பது உலோகமும் உலோகமும் நேராகத் தொடுவதால்தான். நடுவில் கோட்டிங் இருந்தால், ஓட ஓட அந்தப் படலம் நசுங்கி மெலியும். மெலிந்த அளவுக்கு போல்ட் பிடி தளரும். பிடி தளர்ந்தால் பாகங்கள் துளித்துளியாக அசையும், அசைந்தால் எவ்வளவு நல்ல சிலிக்கானும் கிழியும். அதே காரணத்துக்காகத்தான் தட்டை முகங்களுக்கு நடுவில் சிலிக்கானைத் தடவி மூடுவதும் தப்பு. சிலிக்கான் போகவேண்டியது இறுக்கி முடித்தபின், வெளியே தெரிகிற பள்ளத்தில் மட்டும்.

கோட் அந்த முகத்தில் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் பிரிக்காமலே செய்யலாம். தெரியாவிட்டால் என் ஓட்டு பிரிப்பதற்குத்தான்.

காக்கிபுக்கிட்_பழையகை

டார்க் சொல்றது சரி. நான் வழக்கமா பிரிக்காம செய்யறவன். போல்ட் பழசா இருந்தா தலை முறிஞ்சு மாட்டிக்கும், அப்புறம் துளை போட்டு எடுக்கற தலைவலி. ஆனா இது சமீபத்துல ஒருத்தன் பிரிச்சு மாட்டினது, கோட் அடிச்சது. பிரிச்சுப் பார்த்துடு. புது போல்ட் ஒரு செட் கையில வச்சுக்கிட்டு ஆரம்பி. எம்7ஆ எம்8ஆ, நீளம் என்ன, எல்லாம் அளந்து வாங்கு.

ஒண்ணு மட்டும் மறக்காதே: காத்து இருக்கறப்ப போல்ட்ல ரென்ச் வைக்கவே கூடாது. வால்வு கோரைக் கழட்டி, சத்தம் முழுசா நின்னு, டயரை ரெண்டு பக்கமும் இறக்கின பிறகுதான். 30 பிஎஸ்ஐ கம்மிதானேன்னு நினைக்காதே. அது ரிம் முழுக்கத் தள்ளிக்கிட்டு இருக்கு, லிப் பிச்சுக்கிட்டு வந்தா மூஞ்சி போயிடும்.

பிரிக்கறதுக்கு முன்னாடி மூணு பாகத்துலயும் மார்க்கர்ல ஒரு கோடு போட்டுக்கோ, அதே நிலையில திரும்ப உட்காரணும். பழைய சிலிக்கானை பிளாஸ்டிக் கரண்டியால சுரண்டு. ஸ்க்ரூடிரைவர் கையில எடுத்தா பள்ளத்துல கீறல் விழும், அடுத்த லீக் அங்கதான். கடைசியா அசிட்டோன் தொட்ட துணியில துடைக்கணும், துணியில கருப்பு வராத வரைக்கும். பாலிஷ் போட்ட ரிம்னா இன்னும் கவனம், பாலிஷ் மெழுகு பள்ளத்துல ஒளிஞ்சிருக்கும். அது மேல எதுவும் ஒட்டாது. உன் ரிம்ல முதல் தடவையே சரியா ஒட்டாததுக்கு அதுதான் காரணம்னு என் சந்தேகம்.

போல்ட்டை எதிர் எதிரா, மூணு நாலு சுத்துல, டார்க் ரென்ச்சால (எவ்வளவு இறுக்கம்னு அளவு வச்சு இறுக்கற ரென்ச்) இறுக்கு. எவ்வளவுன்னு என்னைக் கேட்காதே, உன் ரிம் கம்பெனி சொன்ன அளவுதான். அடுத்தவன் ரிம்முக்குப் போட்ட நம்பர் உனக்கு ஆகாது. இம்பாக்ட் கன் (அடிச்சு அடிச்சு இறுக்கற மெஷின்) பக்கமே போகாதே.

பிடோக்_மீன்தொட்டி

என்கிட்ட மீன்தொட்டிக்கு ஒட்டின சிலிக்கான் பாதி டியூப் இருக்கு, தண்ணியே தாங்குது. இதுக்கு ஆகுமா? சும்மா கேக்கிறேன்.

டார்க்_ரென்ச்

மீன்தொட்டி சிலிக்கான் பெரும்பாலும் பூசும்போது வினிகர் வாடை அடிக்கும். காயும்போது அசிட்டிக் அமிலம் வெளிவருவதால் வரும் வாடை அது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது, உலோகத்தை அரிக்கும். அலுமினியம் அரித்தால் சிலிக்கானுக்கு அடியில் வெள்ளைப் பொடி பூத்து மெல்ல உரிந்துவிடும். "நியூட்ரல் க்யூர்" என்று போட்ட ஆர்டிவி சிலிக்கான், எஞ்சின் கேஸ்கெட்டுக்குப் போடுகிற நல்ல ரகம், அதை வாங்குங்கள்.

ஒரு சங்கதி நமக்குச் சாதகம். இந்தச் சிலிக்கான் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத்தான் காய்கிறது, நம்ம ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. ஏர்கான் போட்ட அறையில் வைத்தால்தான் தாமதமாகும். மேல்தோல் சீக்கிரம் காய்ந்ததைப் பார்த்து ஏமாறாதீர்கள், உள்ளே காய ஒரு முழுநாள் வேண்டும். கனமாகப் போட்டிருந்தால் இரண்டு நாள்.

ஈசூன்_மாறன்

அப்டேட். மாமா யூனிட்டில் பிரித்தாச்சு. டார்க் அண்ணன் சொன்னது சரி: நடு முகத்தின் பின்பக்க வளையத்தில் பாதி வட்டத்துக்குப் பவுடர் கோட் ஏறியிருந்தது. போல்ட் ஓட்டையைச் சுற்றி அந்தக் கோட் நசுங்கிப் பளபளப்பாக, ஓரத்தில் செதில் செதிலாகக் கிளம்பி நின்றது. பள்ளத்தில் பழைய சிலிக்கான் மேல் புதுசு, இரண்டு நிறம். விரலால் இழுத்தேன், மேல் அடுக்கு ரிப்பன் போல ஒரே நீளமாக வந்துவிட்டது. அடியில் பாலிஷ் கருப்பு.

தட்டை முகத்தில் இருந்த பவுடர் கோட்டை ஸ்ட்ரிப்பர் (பெயின்ட் கரைக்கும் மருந்து) தடவி எடுத்தோம். மாமா சாண்ட்பேப்பரைத் தொடவே விடவில்லை, முகம் மேடுபள்ளம் ஆகிவிடும் என்றார். புது போல்ட் போட்டு இறுக்கி, பள்ளத்தில் சிலிக்கான் விட்டு, கையுறை விரலால் ஒரே இழுப்பில் வட்டம் முழுக்க அழுத்தினேன். போல்ட் வரிசைக்கு மேலும் ஓட்டையில்லாமல் போர்த்தியிருக்கு. இப்போது யூனிட்டில் காய்கிறது. டயர் மாட்டும்போது ஏதாவது கவனிக்கணுமா?

காக்கிபுக்கிட்_பழையகை

அதுதான் முக்கியமே. டயரை ஏத்தும்போது அதோட விளிம்பு அந்தப் பள்ளத்துல இறங்கித்தான் அடுத்த பக்கம் ஏறும். காய்ஞ்ச சிலிக்கான் மேல ரப்பர் உரசிக்கிட்டுப் போனா ஓரம் கிளம்பிடும். அதனால சிலிக்கான் உயரமா குவிஞ்சிருக்கக் கூடாது, ஓரம் ரெண்டும் மெலிசா இழைஞ்சிருக்கணும். டயர் விளிம்புல சோப்பு தாராளமா தடவச் சொல்லு. கடைக்காரன்கிட்ட முதல்லயே சொல்லிடு, மூணு பீஸ் ரிம், மெஷின் கம்பி பள்ளத்துல படக்கூடாதுன்னு. பக்கத்துலயே நில்லு, வெட்கப்படாதே. அப்புறம் மறுபடி தண்ணித் தொட்டி. அது முடிஞ்சு பேலன்ஸ்.

ஈசூன்_மாறன்

டயர் ஏற்றியாச்சு, தொட்டியில் ஒரு குமிழ்கூட இல்லை. வண்டியில் மாட்டி ஒரு வாரமாக ஏஒய்ஈ, பிஐஈ எக்ஸ்பிரஸ்வே எல்லாம் ஓட்டுறேன், ஆறின டயரில் 34 அசையவில்லை. மற்ற மூணு ரிம்மும் அதே ஆள் கோட் அடித்தது, அதுங்களையும் ஒவ்வொண்ணாகப் பிரிக்கப் போறேன். அண்ணன்மாருக்கு ஒரு தே தாரிக் (ஆற்றின டீ) கடன்.

சின்மிங்_சிவா

இதே பிரச்சினை எனக்கும், ஆனால் இரண்டு பீஸ் ரிம். முகத்தில் போல்ட் இருக்கு, திருப்பினால் ஒண்ணும் நகரவில்லை, ஒண்ணு கையோடு பிய்ந்து வந்துவிட்டது.

டார்க்_ரென்ச்

கையோடு வந்துச்சுன்னா அது பெரும்பாலும் அலங்காரத்துக்கு ஒட்டின போல்ட். டயரை இறக்கி உள்பக்கம் பாருங்கள்: பள்ளமும் சிலிக்கானும் இல்லாமல் வட்டம் முழுக்க வெல்டு கோடு ஓடினால், அது வெல்டு வைத்த ரிம், பிரிக்கவே முடியாது. லீக் அந்தக் கோட்டில் வருதா வேற எங்கேயாவதா என்று தொட்டியில் போட்டுப் பார்த்து, படத்தோடு தனி இழை போடுங்கள். வெல்டு கோட்டில் குமிழ் வந்தால் அந்தச் சக்கரத்தை அன்றே கழற்றிவிட்டு ஸ்டாக் ரிம் (காரோடு கம்பெனி கொடுத்த ரிம்) மாட்டிக்கொள்ளுங்கள்.