1000 ஜிபியும் 20-ஆம் தேதிக்குள் காலி: எந்தக் கருவி இழுக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

திருநகர்வாசி:
மதுரை திருநகரில் ஃபைபர் இணைப்பு. மாதம் 1000 ஜிபி, தீர்ந்தால் வேகம் படுத்துவிடும். ரெண்டு மாதமாக 20-ஆம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது. கீழே நாங்கள், மாடியில் அண்ணன் குடும்பம், ஒரே இணைப்பு. ஆளாளுக்கு அடுத்தவர் டிவியைக் கைகாட்டுகிறார்கள். எல்லா போன் கணக்கையும் கூட்டினால் 300 ஜிபிகூட வரவில்லை. ரவுட்டர் காட்டும் கணக்கோ கரண்ட் போய் வந்தால் பூஜ்யம். விளம்பரங்களைத் தடுக்கும் பைஹோல் மென்பொருளைப் போட்டால் தெரியுமா?

வடக்குமாசிவீதி:
தெரியாது. எந்தக் கருவி எந்தத் தளத்தைத் தேடியது என்றுதான் பைஹோல் எண்ணும்; எத்தனை ஜிபி போனது என்று அதற்குத் தெரியாது. முதலில் நிறுவனத்தின் கணக்குப் பக்கத்தில் பதிவிறக்கம், பதிவேற்றம் தனித்தனியாகப் பாருங்கள். பல இடங்களில் ரெண்டையும் சேர்த்துத்தான் கழிக்கிறார்கள்.

திருநகர்வாசி:
பார்த்தேன் அண்ணே. பதிவேற்றம் மட்டும் 430 ஜிபி! நாங்கள் யாருக்கு என்ன அனுப்புகிறோம்?

மேலூர்க்காரன்:
வீட்டில் சிசிடிவி உண்டா? 24 மணி நேரமும் கிளவுடுக்கு அனுப்பும் கேமரா 2 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடினாலே ஒரு நாளுக்கு 21.6 ஜிபி. 20 நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள். டிவி பாவம், நெட்ஃபிளிக்ஸில் 4கே படமே மணிக்கு 7 ஜிபி வரைதான், அதுவும் பதிவிறக்கம்.

கருவி வாரியாகப் பார்க்க, உங்கள் ரவுட்டர் ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டரில் ஏற்றும் திறந்த மூல மென்பொருள்) ஏற்கும் மாடலா என்று பார்த்து, அதை ஏற்றி, அதில் என்எல்பிடபிள்யூமான் என்ற ஜிபி எண்ணும் நிரலைப் போடுங்கள். கணக்கை அது ரேமில்தான் வைக்கும். சேமிக்கும் இடத்தைப் பென்டிரைவுக்கு மாற்றாவிட்டால் நம் ஊர் கரண்டுக்கு இதுவும் அழிந்துவிடும். வேகத்துக்காகத் தரவைக் குறுக்குவழியில் அனுப்பும் ஃப்ளோ ஆஃப்லோடிங் வசதியையும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் எண்கள் குறைத்துக் காட்டும்.

வடக்குமாசிவீதி:
அப்புறம், ஃபைபர் மோடத்திலேயே ஒரு வைஃபை இருக்குமே, அதை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் ரவுட்டருக்கு மாற்றுங்கள். அதில் ஒட்டிக்கொண்டவை ரவுட்டர் கணக்கிலேயே வராது.

திருநகர்வாசி:
அதேதான். மாடி வாசலில் அண்ணன் மாட்டிய கேமரா மோடம் வைஃபையில்தான் இருந்தது. ரவுட்டருக்கு மாற்றியதும் பட்டியலில் முதலில் வந்து நிற்கிறது. முழுப் பதிவை மெமரி கார்டுக்கும், அசைவு இருந்தால் மட்டும் கிளவுடுக்கும் என்று வைத்தேன். நேற்றுப் பதிவேற்றம் 6 ஜிபி. இன்னும் குறையுமா? வாசல் வேப்பமரம் ஆடினாலும் பதிவாகிறது.

மேலூர்க்காரன்:
குறையும். கேமரா ஆப்பில் அசைவுப் பகுதியை மரத்தை விட்டுக் கேட் பக்கம் மட்டும் வரையுங்கள் தம்பி. ஆளைக் கண்டால் மட்டும் பதிவு என்ற வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.